மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற கண்

உங்களில் யாராவது இன்று காலையில் ஒரு சிவந்த கண்ணை மேஜைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவைத்து, இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் கையைத் தூக்க வேண்டாம். எனக்குத் தெரியும். நானும் எழுதியிருக்கிறேன். எழுதியதோடு நிற்காமல், அப்படி எழுதுவதற்கென்றே ஒரு தனி வரிசையை உண்டாக்கி, அதைப் பற்றிப் பீற்றிக்கொண்டும் திரிந்திருக்கிறேன். அந்த வெட்கக்கேட்டைத்தான் சொல்லப்போகிறேன். ரிட்டையர் ஆன கிழவி பழங்கதை பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்ததும், இளம் டாக்டர்களே, நீங்கள் இப்போது வேலை பார்க்கிற இதே கண் ஆஸ்பத்திரியில்தான். அப்போது சின்ன இடம். நாலு அறை, ஒரு ஆபரேஷன் தியேட்டர், வாசலில் தகரக் கொட்டகை. அதை நினைத்தால் இப்போதும் ஸ்பிரிட்டும் மல்லிகையும் கலந்த ஒரு வாசனை எனக்கு வரும். ஸ்பிரிட் எங்களுடையது. மல்லிகை, நிலக்கோட்டைப் பக்கமிருந்து வருகிற பெண்கள் தலையில் வைத்து வருவது. கண்ணைப் பரிசோதிக்கக் குனிந்தால் பூ வாசம் முகத்தில் அடிக்கும். அந்த நாட்களுக்காக நான் ஏங்குகிறேன் என்று சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். முப்பது வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு அந்த நாற்காலியின் நினைப்பு வராமல் இருக்குமா?

நான் சேர்ந்தபோது இங்கே தலைமை மருத்துவராக இருந்தவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். உயரம் என்னவோ ஐந்தடிதான். நான் சேர்ந்த இரண்டாம் வாரத்தில், வத்தலக்குண்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லோரும் பட்டுப்புடவை, பட்டு வேட்டி. நடுவில் ஒரு பெரியவர். அன்றைக்குக் கல்யாணம், அவர்தான் பெண்ணின் அப்பா. காலையில் எழுந்து பார்த்தால் வலது கண்ணின் வெள்ளை முழுக்க ரத்தம். குங்குமத்தைக் கரைத்து ஊற்றின மாதிரி இருந்தது. பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று ஒரு சித்தி சத்தியம் பண்ணினாள். நானும் பதறிப்போய், அட்மிஷன் சீட்டை எடுத்து எழுதவே ஆரம்பித்துவிட்டேன்.

பெரிய டாக்டர் வந்தார். டார்ச்சை அடித்துப் பார்த்தார். "வலிக்குதாய்யா?" இல்லை. "கூசுதா?" இல்லை. "என் கையில எத்தனை விரலு?" சரியாகச் சொன்னார். ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார், அதுவும் கிட்டத்தட்டச் சரிதான். "ராத்திரி நல்லா இருமுனீரா?" என்று கேட்டார். "ஆமாய்யா, பந்தக்கால் வேலை, தூசி" என்றார் பெரியவர். "அம்புட்டுத்தான். கண்ணு வெள்ளைக்கு மேல ஒரு சின்ன ரத்த நரம்பு வெடிச்சுப்போச்சு. ரெண்டு வாரத்துல தானா மறைஞ்சிரும். மருந்துகூட வேணாம். முகூர்த்தத்துக்கு நேரமாச்சுல்ல, கிளம்புங்க" என்று முதுகில் தட்டி அனுப்பினார். பெண்ணின் அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தாரை வார்த்துக் கொடுத்த போட்டோவைப் பிறகு கொண்டுவந்து காட்டினார்கள். சினிமா நடிகர் மாதிரி நிற்கிறார் மனுஷன்.

அவர்கள் போனதும் பெரிய டாக்டர் என் கோட்டுப் பையைக் காட்டி, "ஏம்மா, அது என்ன பேனாவா? டார்ச்சுதான? குத்திவச்சுக்கிட்டு அழகு பாக்கவா வாங்கிக் குடுத்தேன்?" என்றார். பிறகு, "சிவப்பு எம்புட்டு இருக்குன்னு பாக்காத. எங்க இருக்குன்னு பாரு. அப்புறம் கருவிழி பளிச்சுனு இருக்கா, கண்ணுப் பாப்பா வெளிச்சத்துக்குச் சுருங்குதான்னு பாரு. பாத்துட்டு அழு, வேணாங்கலை" என்றார்.

அன்றைக்கு அது எனக்கு ஒரு திட்டு, அவ்வளவுதான். பிற்பாடு எத்தனையோ சிவந்த கண்களைப் பார்த்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. இமையோரம் சிவந்து, பூளை தள்ளி, காலையில் கண் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் மெட்ராஸ் ஐ. அரிப்பு உயிரை எடுத்தால் அலர்ஜி. ஆனால் சிவப்பு கருவிழியைச் சுற்றி வளையம் கட்டி நின்றால், கூடவே வலியோ கூச்சமோ பார்வை மங்கலோ இருந்தால், அந்த ஆளை உட்கார வையுங்கள், வீட்டுக்கு விடாதீர்கள். உள்ளே வேறு ஏதோ நடக்கிறது. பயங்கரமாகச் சிவந்த கண் கல்யாண மண்டபத்துக்குப் போகலாம். லேசாகச் சிவந்த கண் குருடாகலாம். இதையெல்லாம் நீங்கள் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். நானும் படித்தவள்தான், தங்க மெடல் வேறு.

இனி என் கதைக்கு வருகிறேன். பெரிய டாக்டர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் நான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மெட்ராஸ் ஐ சீசன் வந்தது பாருங்கள், ஊரே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டது. பள்ளிக்கூடங்களில் பாதி பெஞ்சு காலி. பஸ்ஸில் ஒருத்தர் கண்ணைக் கசக்கினால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொள்வார். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று சனங்களுக்கு நினைப்பு. எங்கள் ஆட்களும் சளைத்தவர்களா? மருந்துக் கவுண்டரில் இருந்த பையன் நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே பாட்டிலை நீட்டுவான்.

தாடையை வைத்துக் கண்ணைப் பார்க்கிற ஸ்லிட் லேம்ப் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு மெட்ராஸ் ஐ நோயாளிக்கும் அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தால், ஆபரேஷன் முடிந்து பரிசோதனைக்கு வருகிறவர்கள் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். அவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து வேறு. ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு மேஜையைப் போட்டு, சிவந்த கண் எல்லாம் இந்தப் பக்கம் என்று போர்டு மாட்டினேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நோயாளி, இந்தப் பக்கம் நான். நாலு கேள்வி, ஒரு சீட்டு, அடுத்த ஆள். ஒரு காலையில் நூறு பேர்கூடப் போனார்கள். மேனேஜர் என்னைப் பாராட்டி டீயோடு பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார். எனக்கு வாயெல்லாம் பல்.

பள்ளிக்கூடம், மில், கடை என்று எல்லா இடத்திலும் அந்தச் சமயம் ஒரு கண்டிஷன். கண் சிவந்தால் வீட்டுக்குப் போ, டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் வேலைக்கு வராதே. அதனால் மருந்துக்கு வந்தவர்கள் பாதி, சர்டிபிகேட்டுக்கு வந்தவர்கள் பாதி. அதையும் நான் முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தேன். பேரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

அப்படி ஒரு காலையில் பஞ்சவர்ணம் வந்தாள். குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். ஐம்பது வயதைத் தாண்டியவள். முந்தானையால் முகத்தைப் பாதி மூடியிருந்தாள்.

"மூணு நாளைக்கு முன்ன சிவந்துச்சுன்னு ஹெட்மாஸ்டர் போகச் சொல்லிட்டாரும்மா. இப்பச் சரியாப் போச்சு. சர்டிபிகேட் மட்டும் குடுங்க."

"வலி இருக்கா?"

"இல்லம்மா."

"பூளை தள்ளுதா?"

"இல்லம்மா."

"பார்வை தெளிவா இருக்கா?"

"நல்லாத் தெரியுதும்மா. அடுப்புப் புகைதான், வேற ஒண்ணுமில்ல."

கையெழுத்துப் போட்டேன். சொட்டு மருந்து ஒன்று எழுதினேன். அடுத்த ஆள்.

பதினோரு மணிக்கு டீ வந்தது. ஸ்டெல்லா சிஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னோடு இருபது வருஷம் இருந்தவள், என் கோபத்துக்கெல்லாம் அசராத ஒரே ஆள். சிரித்துக்கொண்டே சொன்னாள். "டாக்டர், பச்சைச் சேலை கட்டி ஒரு சத்துணவு அம்மா வந்துச்சுல்ல? மருந்து வாங்குற எடத்துல மேல இருக்குற ட்யூப்லைட்டைக் காட்டி, 'இதென்ன சிஸ்டர், சுத்திவரக் கலர் கலரா வட்டம் தெரியுது, திருவிழாவுக்கு மாட்டுற புது லைட்டா?'ன்னு கேக்குது. அப்புறம் வாசல்ல போயி வாந்தி எடுத்துச்சு. என்னம்மான்னு கேட்டா, பஸ்ஸு ஒத்துக்கலையாம். பஸ்ஸை விட்டு எறங்கி எவ்வளவு நேரமாச்சு! அப்புறம் ஊருக்குக் கிளம்பிப் போயிருச்சு."

நான் டீயைக் கீழே வைத்தேன். விளக்கைச் சுற்றி வானவில். வாந்தி. பூளையே இல்லாத சிவப்பு. புதிதாக வந்த பிள்ளைகூடச் சொல்லிவிடும், கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று. மணிக்கணக்கில் விட்டால் பார்வை நரம்பு செத்துப்போகும், பிறகு யார் வந்தாலும் திரும்பாது. அந்தக் கண்ணுக்குத்தான் நான் புகை என்று நம்பி, நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"எந்தக் கண்ணு ஸ்டெல்லா?" என்று கேட்டேன். "நீங்கதான டாக்டர் பாத்தீங்க?" என்றாள் அவள். எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்ன, நான் பார்க்கவே இல்லை. அந்த நிமிஷம் பட்ட அவமானம் இருக்கிறதே, வேறு எதற்கும் அப்படிப் பட்டதில்லை.

பதிவேட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற மகன் எடுத்தான். "அம்மாகிட்ட போன் இல்லைங்களே" என்றான். கொட்டகையில் இன்னும் அறுபது எழுபது பேர் நின்றார்கள். மேனேஜர் கையைப் பிசைந்தார். "பஸ் ஸ்டாண்டுக்கு யாரையாவது அனுப்புங்க டாக்டர். நீங்க எந்திரிச்சா இங்க சண்டையே வந்துரும்."

இந்த இடத்தில்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். ஸ்டெல்லாவை மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் அவள் மடியில் இருக்கிறது. அப்படிப்பட்டவளை ஒரு நர்ஸ் எப்படித் திருப்பிக் கூட்டிவர முடியும்? கொடுத்த கைதான் போய்த் திரும்ப வாங்க வேண்டும். வரிசையில் நின்றவர்களிடம் ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று சொன்னேன். திட்டினார்கள். திட்டட்டும் என்று ஸ்டெல்லாவின் ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டேன். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

பஸ் ஸ்டாண்டில் எரியோடு வழியாகக் குஜிலியம்பாறை போகிற வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டு நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். ஸ்டெல்லா ஸ்கூட்டியை பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினாள். டிரைவர் கேட்ட கேள்வியை இங்கே சொல்ல முடியாது. நான் உள்ளே ஏறினேன். பச்சைச் சேலை, ஜன்னலோரம், தலையைக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

"பஞ்சவர்ணம், எந்திரிம்மா. ஆஸ்பத்திரிக்கு வா."

திடுக்கிட்டு மடியைப் பிடித்துக்கொண்டாள். "சர்டிபிகேட்ல எதும் தப்பாம்மா?"

"தப்புத்தான். முதல்ல கண்ணைக் காட்டு."

முந்தானையை விலக்கினேன். இடது கண். டார்ச் அடித்தேன். கருவிழி ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கிக் கிடந்தது. பாப்பா பெரிதாக விரிந்து, வெளிச்சத்துக்கு அசையவே இல்லை. மூடிய இமைமேல் விரலை வைத்து லேசாக அழுத்தினேன். வலது கண் பழுத்த திராட்சை போல அமுங்கியது. இடது கண் கொட்டைப்பாக்கு. நான் தொட்டதும் அவள் பல்லைக் கடித்தாள்.

"வலிக்கலைன்னு சொன்னியேடி பாவி!"

"நேத்து மத்தியானத்துல இருந்து மண்டை பொளக்குதும்மா. சொன்னா சர்டிபிகேட் குடுக்க மாட்டீங்கன்னுதான்..." அழ ஆரம்பித்தாள். "மூணு நாளா என் எடத்துல வேற ஆளு ஆக்கிப் போடுது. இன்னும் ரெண்டு நாளு போனா அவளையே வச்சிக்கிருவாக. நான் வரலம்மா. பொழப்புப் போயிரும்."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. கண்ணைவிட வேலையா பெரிசு என்று கத்தினேன். அது எத்தனை முட்டாள்தனமான பேச்சு என்று பிறகுதான் உறைத்தது. அவளுக்கு இரண்டும் ஒன்றுதானே? கண்டக்டர் வந்து, "டாக்டரம்மா, டைம் ஆகுதும்மா" என்றார். பின்சீட்டில் இருந்த ஒரு பெரியவர், "ஏலே, செத்த நேரம் நிப்பாட்டுனா உன் வண்டி என்ன முளைச்சா போயிரும்? ஒரு பொம்பளைக்குக் கண்ணு போகுதுங்குறாக" என்று எகிறினார். அதற்குள் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வெயிலில் வண்டி கொதித்தது. அவள் மட்டும் கம்பியை விடவில்லை.

பேசி ஆகாது என்று தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய நல்ல கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன்.

"இப்ப என்னைப் பாரு. நான் மூக்குக் கண்ணாடி போட்டிருக்கேனா, இல்லையா?"

அவள் என் முகத்துக்கு நேரே பார்த்தாள். ஒரு அடி தூரம்தான். வெகுநேரம் பார்த்தாள்.

"யாரோ ஒக்காந்திருக்கிற மாதிரி இருக்கும்மா" என்றாள். "அம்புட்டுத்தான் தெரியுது."

இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தவள் அதுவரைக்கும் ஒரு கண்ணை மூடிப் பார்த்ததே இல்லை. அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இறங்கும்போது மடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து என்னிடம் நீட்டி, "கிழிச்சிராதீங்கம்மா, தேதியை மட்டும் மாத்திக் குடுங்க" என்றாள். ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்த வைத்தியம்தான். டிரிப் ஏற்றினோம், மாத்திரை, சொட்டு மருந்து. சாயங்காலம் நாலு மணிக்கு அழுத்தம் இறங்கியது. "தலைவலி விட்டுப்போச்சும்மா, பசிக்குது" என்று அவள் சொன்னபோது நான் வார்டு வராந்தாவில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு இரண்டு கண்ணுக்கும் லேசர் செய்தோம். நல்ல கண்ணுக்கு எதற்கு என்று கேட்டாள். இதே வீட்டில் பிறந்த தங்கச்சி அது, நாளைக்கு அதுவும் இப்படி மக்கர் பண்ணும் என்றேன். ஹெட்மாஸ்டருக்கு நானே போன் செய்தேன். நல்ல மனுஷன், இடத்தை வைத்திருந்தார். ஆனால் இடது கண்ணில் எழுத்துப் பலகையின் கடைசி இரண்டு வரிகள் அவளுக்குத் திரும்ப வரவே இல்லை. முந்தின நாளே வந்திருந்தால் வந்திருக்கும் என்று சொல்லி நான் தப்பிக்கலாம். நான் கையெழுத்துப் போட்ட பிறகு வீணாகப் போன அந்த இரண்டு மணி நேரத்துக்கு அதில் எத்தனை பங்கு என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

அந்த மேஜையை மறுநாளே எடுத்துவிட்டேன். வரிசை நீண்டது, சண்டை வந்தது, பஜ்ஜி நின்றது. எல்லாச் சிவந்த கண்ணுக்கும் டார்ச், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்வை, பிறகுதான் சீட்டு. நீங்கள் இப்போது சலித்துக்கொண்டு செய்கிற அந்த முறை அன்றைக்கு வந்ததுதான்.

பஞ்சவர்ணம் வருஷத்துக்கு இரண்டு தடவை பரிசோதனைக்கு வருவாள். வருகிறபோதெல்லாம் வராந்தாவில் இருப்பவர்களிடம் என்னைக் காட்டி, "பஸ்ஸை மறிச்சு என் கண்ணைக் காப்பாத்துன தாயி" என்று பெருமை பேசுவாள். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் ஒரு தூக்குச்சட்டியில் சுண்டல் கொண்டுவந்தாள். மனசு கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "பஞ்சவர்ணம், நீ ஊரெல்லாம் சொல்ற மாதிரி இல்ல. அன்னைக்குக் காலையில உன் கண்ணை நான் பாக்கவே இல்ல. பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன். பாத்திருந்தா அப்பவே பிடிச்சிருப்பேன்."

அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்மா. எனக்கு எதிர்லதான எழுதுனீக? நானும் வலிக்கலைன்னு பொய் சொன்னேன். பொழப்புக்காகச் சொன்னேன்" என்றாள். தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே, "நீங்க ஏம்மா பாக்கலை?" என்று கேட்டாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"வரிசை பெரிசா இருந்துச்சு" என்றேன்.

சுண்டலை இலையில் போட்டுக்கொண்டே தலையாட்டினாள். "எனக்கும் தெனம் நூத்தம்பது புள்ளைக வரிசையில நிக்கும்மா. எந்தப் புள்ளைக்குக் காச்சல், எது காலையில சாப்பிடாம வந்திருக்குன்னு மூஞ்சியைப் பாத்துத்தான் கரண்டியைச் சாய்ப்பேன். ஒரு தட்டுலகூடப் பாக்காம ஊத்துனதில்ல."

இலையை என் பக்கம் நகர்த்தினாள். சாப்பிட்டேன்.

இவ்வளவுதான் பிள்ளைகளே. வெளியே வரிசை நிற்கிறது. போய்ப் பாருங்கள்.